அஸ்மாராவும் செட்டிபாளையமும்

நரேன் கார்த்திகேயன் கடைசியாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டியது 2012 நவம்பரில், பிரேசிலில். அதற்குப் பிறகு அந்தப் பந்தயத்தின் தொடக்க வரிசையில் ஓர் இந்தியர்கூட நிற்கவில்லை. அவர் முதன்முதலில் அந்த வரிசையில் நின்றது 2005 மார்ச்சில், மெல்போர்னில், ஜோர்டன் அணியின் மஞ்சள் காரோடு. கோவையிலிருந்து ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி வரிசையாகப் பலர் போவார்கள் என்று அன்று நம்புவதற்குக் காரணம் இருந்தது. இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவருக்குப் பின் சென்னையின் கருண் சந்தோக் மட்டுமே அந்த வாசலைத் தாண்டினார். ஏறக்குறைய இதே காலத்தில், செங்கடல் கரையில் கோவை மாவட்டத்தளவு மக்கள்தொகை கொண்ட எரித்திரியா, ஐரோப்பாவின் இன்னொரு கோட்டைக்குள் நுழைந்தது. 2015-இல் டேனியல் டெக்லஹைமனோத், மெர்ஹாவி குடுஸ் என்ற இரு எரித்திரியர்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓடினார்கள். ஆப்பிரிக்காவின் கறுப்பின வீரர்கள் சகாராவுக்குத் தெற்கிலிருந்து அங்கே வந்தது அதுவே முதல் முறை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 1 அன்று, துரின் நகரில் முடிந்த கட்டத்தில் பினியம் கிர்மாய் என்ற இளைஞர் எல்லோரையும் முந்தினார். அந்தப் பந்தயத்திலேயே மேலும் இரண்டு கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்குரிய பச்சை ஜெர்சியோடு வீடு திரும்பினார். எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தார்கள். கோவையில் ஏன் அப்படி நடக்கவில்லை?

இரண்டையும் ஒப்பிடலாமா என்ற கேள்வி உடனே எழும். ஒன்று மனிதன் மிதிப்பது, மற்றது எஞ்சின் இழுப்பது. ஒன்று ஏழைகளின் வாகனம், மற்றது பணக்காரர்களின் விளையாட்டு. இந்த வேறுபாடு தோற்றத்தில் பெரியது, உள்ளே அவ்வளவு இல்லை. டூர் டி பிரான்ஸில் ஓடும் சைக்கிள் கார்பன் இழையால் ஆனது. அதன் விலை நம்மூரில் ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலையைத் தாண்டும். இரண்டு பந்தயங்களும் பிறந்து வளர்ந்த இடம் மேற்கு ஐரோப்பா. இரண்டிலும் அணிகளின் தலைமையகம், பந்தய நாள்காட்டி, ஒப்பந்தம் பேசும் முகவர்கள், பழகும் மொழி எல்லாம் அங்கேயே இருக்கின்றன. முக்கியமாக, இரண்டிலும் தேவைப்படும் திறமை தனியாகப் பயின்று வருவதில்லை. நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு, மழையில் நனைந்த குறுகலான பெல்ஜியத் தெருவில், பக்கவாட்டுக் காற்றில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எங்கே இடம் பிடிப்பது என்பதை அந்தக் கூட்டத்துக்குள் நூறு முறை விழுந்து எழுந்துதான் கற்க முடியும். குளிரில் டயரைச் சூடாக்குவது, நனைந்த தடத்தில் பிடிமானத்தைத் தேடுவது, காரின் நடத்தையைப் பொறியாளருக்குச் சொற்களில் விளக்குவது ஆகியவையும் அப்படியே. கோயம்புத்தூர் வெயிலில் எத்தனை சுற்று ஓட்டினாலும் இவை கைவராது.

இந்த ஐரோப்பிய வாசலுக்கு விதிமுறைகளும் காவல் நிற்கின்றன. ஃபார்முலா ஒன் ஓட்ட வேண்டுமானால் 'சூப்பர் லைசென்ஸ்' வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் நாற்பது புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2 தொடரில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அந்த நாற்பதும் ஒரே ஆண்டில் கிடைக்கும். ஒரு நாட்டின் ஃபார்முலா 4 பட்டத்தை வென்றால் அதிகபட்சம் பன்னிரண்டு. உள்ளூரில் எவ்வளவு வென்றாலும் கடைசியில் ஐரோப்பாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று கணக்கே சொல்கிறது.

வெளியார் ஒருவர் இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவருடைய உடம்பிலோ இரத்தத்திலோ காரணம் தேடுவது பழைய வழக்கம். எரித்திரியர்களைப் பற்றிப் பேசும்போது, அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்றைச் சுவாசித்து வளர்ந்த நுரையீரல் அவர்களுக்கு என்பார்கள். நம் பக்கத்தில் இதற்கு இணையாக ஒரு கதை உண்டு. பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் வட்டாரங்களில் இன்றும் 200 மீட்டர், 300 மீட்டர் ரேக்ளாப் பந்தயம் நடக்கிறது. காளை பூட்டிய வண்டியில் விரட்டிய பரம்பரை காரில் விரட்டாதா என்று கேட்பது இனிமையாக இருக்கிறது. ஆனால் இரண்டு விளக்கங்களும் சோதனையில் நிற்காது. எத்தியோப்பியாவும் கென்யாவும் எரித்திரியாவைப் போலவே உயர்நிலங்கள். உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். சைக்கிளில் எரித்திரியாவுக்கு இணையாக அவ்விரு நாடுகளிலிருந்தும் வீரர்கள் வரவில்லை. நைரோபியில் பிறந்து கென்ய உரிமத்தில் பந்தயத்தைத் தொடங்கிய கிறிஸ் ஃப்ரூம்கூட 2008-இல் பிரிட்டிஷ் உரிமத்துக்கு மாறிய பிறகே 2013-இல் டூர் டி பிரான்ஸை வென்றார். காற்று ஒன்றே என்றால் பலனும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ரேக்ளாவும் அப்படித்தான். அது நடக்கும் ஊர்களெல்லாம் கார் ஓட்டுநர்களைத் தரவில்லை. ரேக்ளாவே இல்லாத சென்னையும் பெங்களூரும் மும்பையும் தந்திருக்கின்றன.

எரித்திரியாவை மற்றவர்களிடமிருந்து பிரித்தது பந்தயம் என்ற பழக்கம். 1890-இல் இத்தாலியக் குடியேற்ற நாடான அங்கே இத்தாலியர்கள் சைக்கிளையும் சைக்கிள் பந்தயத்தையும் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் உள்ளூர் மக்களைத் தங்களோடு ஓடவிடவில்லை. 1939-இல் இரு தரப்பினரையும் சேர்த்து நடத்திய ஒரு பந்தயத்தில் கெப்ரமரியம் கெப்ரு என்ற எரித்திரியர் வென்றார். 1946-இல் நாட்டைச் சுற்றும் முதல் பந்தயம் நடந்தது. இடையில் நீண்ட காலம் அறுந்துபோயிருந்த அந்தச் சுற்றுப் பந்தயம் 2001-இல் மீண்டும் தொடங்கியது. அஸ்மாராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்களை மறித்துப் பந்தயம் விடுவதும், சைக்கிள் சங்கங்களும், ஐரோப்பியப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் கூட்டமும் வாடிக்கை. கிர்மாயின் தந்தை தச்சர். அந்தச் சிறுவன் பந்தயம் ஓட ஆசைப்பட்டபோது அவனுடைய குடும்பம் பந்தயத்தைத் தானே கட்டி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அது தெருவில் இருந்தது. இத்தாலியர்கள் விட்டுச்சென்றது என்பதற்காக அதை ஒதுக்காமல் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி.

கோவையிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. அதைத்தான் நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இங்கே நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகம் வார்க்க ஃபவுண்டரிகளும், கடைசல் பிடிக்க லேத் பட்டறைகளும், விவசாயத்துக்குப் பம்புசெட்டுத் தொழிலும் பின்தொடர்ந்தன. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொடங்கிய தொழில் வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1937-இல் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் (எல்ஜிபி) நிறுவனமும் போக்குவரத்திலிருந்து சங்கிலித் தயாரிப்புக்கு வந்ததுதான். வெளிநாட்டில் வாங்க வேண்டிய பொருளை நாமே செய்தால் என்ன என்று கேட்பது இந்த ஊரின் தொழில் புத்தி. அந்தப் புத்தியைப் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தவர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சு. கரிவரதன். ஊரும் பந்தய உலகமும் அவரைக் 'கரி' என்றே அழைத்தன.

கரி வருவதற்கு முன் நம் நாட்டுக் கார் பந்தயம் பெரும்பாலும் சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்தது. வேகமான வண்டி வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது சொந்தப் பட்டறையில் எதையாவது மாற்றிக் கட்ட வேண்டும். முன்னாள் அரச குடும்பத்தினராலும் தொழிலதிபர்களாலுமே முதலாவதைச் செய்ய முடிந்தது. கரியும் வசதியான வீட்டுப் பிள்ளைதான், அவரும் ஓட்டுநர்தான். ஆனால் தனக்கு ஒரு நல்ல கார் என்பதோடு அவர் நிற்கவில்லை. 1988-இல் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்து, அதையே பலருக்கும் கட்டிக்கொடுத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் ஒரே வண்டி, ஒரே எஞ்சின். உதிரிப் பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆகவே யார் வேகமானவர் என்ற கேள்விக்குப் பணப்பை பதில் சொல்லாது, ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும். இது ஒரு வண்டி மட்டுமல்ல, ஒரு பள்ளிக்கூடம். 1990 வாக்கில் பந்தயங்கள் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டையின் புதிய தடத்துக்கு நகர்ந்தபோது இந்தப் பள்ளிக்கூடம் தயாராக இருந்தது. நரேன் முதலில் ஓட்டிப் பழகியது அந்த வண்டியில்தான். 1995-இல் கரி விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2000-களின் தொடக்கத்தில் பா. விஜயகுமார் அமைத்த இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள தடத்துக்குக் கரியின் பெயரை வைத்தது பொருத்தம். அங்கே இன்றும் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகள் கரியின் யோசனைக்கு நேர் வாரிசுகள்.

அஸ்மாராவின் ஞாயிறு பந்தயமும் கரியின் வண்டியும் ஒரே வேலையைச் செய்தன. திறமை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் செலவைக் குறைத்தன. ஆகவே முதல் படியில் நாம் தோற்கவில்லை. நாம் தோற்றது அதற்கு அடுத்த படியில்.

நரேனின் பாதையை ஆண்டு வாரியாகப் பார்த்தால் இது புலப்படும். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய அளவில் பெயர்பெற்ற ராலி வீரர். 1992-இல் மகனைப் பிரான்சிலுள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் ஓட்டுநர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனில் தொடக்கநிலைப் பந்தயங்கள். 1994-இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் ஒரு பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 1998 முதல் மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் ஃபார்முலா 3; பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் வெற்றிகள். 2001-இல் ஜப்பான். அந்த ஆண்டு ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணிக்காக ஃபார்முலா ஒன் காரைச் சோதித்து ஓட்டினார். 2003-இல் மினார்டி அணியில் கிட்டத்தட்டக் கிடைத்த இடம் பணம் திரளாததால் கைநழுவியது. டாடா குழுமத்தின் ஆதரவோடு 2005-இல் ஜோர்டன் அணியில் இடம் கிடைத்தது. பிரான்சுக்குப் போனபோது பதினைந்து வயது, மெல்போர்னில் வரிசையில் நின்றபோது இருபத்தெட்டு. பதின்மூன்று ஆண்டுகளும் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்குப் பணம் எங்கே, அணி எங்கே, வீடு எங்கே என்று ஒரு குடும்பம் புதிதாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் நாட்டின் அமைப்பு எதுவும் கைபிடித்து அழைத்துச் சென்றதாகத் தெரியவில்லை.

அவரைத் தொடர்ந்து ஐரோப்பாவில் ஓடிய மற்ற இந்தியர்களின் பட்டியல் இதை இன்னும் உறுதிப்படுத்துகிறது. கருண் சந்தோக்கின் தந்தை விக்கி சந்தோக்கும் தாத்தா இந்து சந்தோக்கும் சென்னைப் பந்தய உலகின் தூண்கள். அர்மான் இப்ராகிமின் தந்தை அக்பர் இப்ராகிம் பந்தய வீரர். ஃபார்முலா 2 பந்தயங்களில் வென்ற பெங்களூரின் குஷ் மைனியின் தந்தையும் பந்தயம் ஓட்டியவர்தான். அதே தொடரில் வென்ற மும்பையின் ஜெஹான் தருவாலா பெரிய தொழில் குடும்பத்துப் பிள்ளை. இவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஃபார்முலா 2 வரை போய் வெல்வது சாதாரணக் காரியமில்லை. ஆனால் பந்தயத்தை அறிந்த தந்தையோ, பருவத்துக்குப் பல கோடி செலவழிக்கும் வீடோ இல்லாத ஒரு பையன் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டாக வேண்டும். அப்படிப்பட்ட பையன்கள் பிறக்கவில்லை என்று நம்ப முடியாது. அவர்கள் எல்ஜிபி வண்டியோடும் இரு சக்கரப் பந்தயத்தோடும் நின்றுவிடுகிறார்கள். இரு சக்கரத்தில் செலவு குறைவு என்பதால் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் அங்கே அதிகம். சென்னையின் சரத்குமார் 2011-இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப் பந்தயங்களில் ஓட்டும் அளவுக்குப் போனார். அதுவும் நிலைத்த பாதையாகவில்லை.

எரித்திரியர்களுக்கு நடுவில் ஒரு பாலம் கிடைத்தது. உலக சைக்கிள் சம்மேளனம் சுவிட்சர்லாந்தின் ஏய்ல் ஊரில் 2002-இல் ஒரு பயிற்சி மையத்தைத் திறந்தது. ஐரோப்பியப் பந்தயங்கள் எட்டாத நாடுகளின் இளைஞர்களைத் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, வாரந்தோறும் ஐரோப்பியப் பந்தயங்களுக்கு அழைத்துச் செல்வது அதன் வேலை. தென்னாப்பிரிக்காவில் அதற்கு ஒரு கிளையும் இருந்தது. டெக்லஹைமனோத் அந்த மையத்தில் பயின்றவர், கிர்மாயும் பயின்றவர். 2018-இல், இன்னும் இளையோர் பிரிவில் இருந்தபோதே, பெல்ஜியத்தின் எதிர்கால உலகச் சாம்பியன் ரெம்கோ எவனபூலை ஒரு கட்டத்தில் கிர்மாய் முந்தியிருக்கிறார். அதற்கு முன் ஐரோப்பியக் கூட்டத்துக்குள் ஓடிப் பழகும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட்டிருந்தது. இன்னொரு பக்கம், டக்ளஸ் ரைடர் நடத்திய தென்னாப்பிரிக்க அணி எம்டிஎன்-குபேகா 2015-இல் டூர் டி பிரான்ஸுக்கு அழைக்கப்பட்டபோது ஒன்பது பேரில் ஐவரை ஆப்பிரிக்கர்களாகவே நிறுத்தியது. முதல் இரு எரித்திரியர்கள் அந்த வழியாக வந்தவர்கள்தான். ஒருவரின் குடும்பம் தாங்க வேண்டிய பதின்மூன்று ஆண்டுச் சுமையை இரண்டு அமைப்புகள் பகிர்ந்துகொண்டன. பாலம் என்று நான் சொல்வது இதைத்தான்: பதினேழு வயதுப் பையனுக்கு அந்நிய மண்ணில் ஒரு கட்டில், ஒரு பயிற்சியாளர், அடுத்த ஞாயிறு ஒரு பந்தயம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் பணம்தான், இந்தியாவில் யாராவது பணம் போட்டால் ஓட்டுநர்கள் தாமாக வருவார்கள் என்பது. பணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை நரேனின் 2003-ஆம் ஆண்டே காட்டிவிட்டது. ஆனால் பணம் இருந்தபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 2008 முதல் 2018 வரை ஃபார்முலா ஒன்னில் இந்தியப் பெயரிலேயே ஓர் அணி இருந்தது. விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா, பெரும்பாலான ஆண்டுகள் இந்தியக் கொடி நிறத்தில் பந்தயம் ஓடியது. பத்தாண்டுகளில் ஒரு பந்தயத்தில்கூட இந்தியர் எவரும் அந்தக் காரை ஓட்டவில்லை. 2011-இல் நூறு கோடிப் பேரிலிருந்து ஒருவரைத் தேடுகிறோம் என்று அந்த அணி நடத்திய தேர்வில் கண்டெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் மேலே சொன்ன ஜெஹான் தருவாலா. அந்தத் தேடல் தொடர்ந்து நடந்திருந்தால் நான் இதை வேறு விதமாக எழுதியிருப்பேன். அதே ஆண்டில் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் பந்தயத் தடம் அமைத்தார்கள். 2011 அக்டோபர் 30 அன்று நரேன் தாய்மண்ணில் ஓட்டினார். மூன்றே பந்தயங்களோடு, 2013-இல் அது முடிந்தது. உத்தரப் பிரதேச அரசு இதைப் பொழுதுபோக்கு என்று கருதி வரி கேட்டதும் முடிவுக்கு ஒரு காரணம். அணிக்கும் தடத்துக்கும் பணம் கிடைத்தது, இடையிலிருக்கும் படிகளுக்குக் கிடைக்கவில்லை. கூரையும் அடித்தளமும் போட்டுவிட்டு மாடிப்படியை விட்டுவிட்ட வீடு அது.

இன்னொரு மறுப்பு, நரேனின் சாதனையையே சந்தேகிப்பது. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் இதுவரை பெற்ற புள்ளிகள் ஐந்து. அந்த ஐந்தும் 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நரேன் நான்காவதாக வந்தபோது கிடைத்தவை. அன்று டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷலின் டயர் போட்ட அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ஆதரவாளரின் பணத்தால் இடம் பிடித்தவர், ஆறு பேரில் நான்காவது என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த அளவுகோலை எல்லாருக்கும் பொருத்தினால், அன்றைய ஃபார்முலா ஒன்னின் பின்வரிசை அணிகளில் ஆதரவாளரோடு வந்து இடம் பிடித்த ஐரோப்பியர்கள் பலரும் ஒதுங்க வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் ஃபார்முலா 3 வெற்றிகள், 2007-இல் சீனாவின் ஜூஹாயிலும் 2008-இல் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் இந்திய அணிக்காக வென்ற ஏ1 கிராண்ட் பிரி பந்தயங்கள், பின்னர் ஜப்பானில் நெடுங்காலம் தொழில்முறையாக ஓட்டியது ஆகியவை அவர் தகுதியால் நின்றவர் என்பதற்குச் சாட்சி. ஐந்து புள்ளிகள் சொல்வது வேறொன்று. பின்வரிசை அணிக்குள் இருபத்தெட்டு வயதில் நுழைபவருக்கு முன்வரிசை அணி அழைப்பு வராது. பதின்மூன்று ஆண்டுகள் எட்டாகச் சுருங்கியிருந்தால் அந்த அழைப்பு வந்திருக்கலாம்.

ஐரோப்பாவின் அங்கீகாரத்துக்காக நாம் ஏன் ஏங்க வேண்டும், நம் பந்தயத்தை நாமே வளர்த்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வியை நான் இன்னும் மதிப்போடு பார்க்கிறேன். ஜப்பான் அதைத்தான் செய்தது. அங்கே ஃபார்முலா தொடரும் ஸ்போர்ட்ஸ் கார் தொடரும் பார்வையாளர்களோடு, கார் நிறுவனங்களின் ஆதரவோடு தம் கால்களில் நிற்கின்றன. நரேன் தன் முப்பதுகளின் பிற்பகுதியில் பிழைப்பைக் கண்டது அங்கேதான். சைக்கிளிலும் இதைப் பார்க்கலாம்: 2025 செப்டம்பரில் உலகச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் ருவாண்டாவின் சொந்தச் சுற்றுப் பந்தயம் அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பியிருந்தது. ஆனால் ஜப்பானோ ருவாண்டாவோ ஐரோப்பாவுக்குப் புறமுதுகு காட்டவில்லை. உள்ளூர்ப் பந்தயம் வலுவாக இருந்ததால், ஐரோப்பாவுக்குப் போன பையன் தோற்றாலும் திரும்பி வந்து ஓட்ட ஓர் இடம் இருந்தது. நம் பையன்கள் பதினெட்டில் ஐரோப்பாவில் தோற்றால் அதோடு பந்தயமே முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை.

பாலம் கட்டினால் அது நிலைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. டக்ளஸ் ரைடரின் அணி ஆதரவாளர் இல்லாமல் 2021 இறுதியில் கலைந்தது. கிர்மாயை முதலில் சேர்த்துக்கொண்ட டெல்கோ என்ற பிரெஞ்சு அணியும் அதே ஆண்டு பணமின்றித் தடுமாறியது. பருவத்தின் நடுவில் பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணி அவரை எடுத்துக்கொண்டது. அவர் திறமைசாலி என்பது ஏற்கனவே தெரிந்திருந்ததால் தப்பித்தார். விசா மறுக்கப்பட்டுப் பந்தயத்தைத் தவறவிட்ட ஆப்பிரிக்க வீரர்கள் பலர். எரித்திரியரானால் தம் சொந்த அரசிடம் வெளியேறும் அனுமதி பெறுவதே தனிப் போராட்டம். இந்தியப் பையனுக்கும் இங்கிலாந்து விசாவும் ஷெங்கன் விசாவும் வேறுவேறு கதவுகள். இங்கே பந்தயக் கருவிகளைக் கொண்டுவர இறக்குமதி வரியும் உண்டு. இவையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்கும் சிக்கல்கள் அல்ல என்பதால்தான் அமைப்பு வேண்டும் என்கிறேன்.

முதல் படியில் இப்போது நல்ல மாற்றம் தெரிகிறது. 2023-இல் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் அங்கீகாரத்தோடு இந்தியாவில் ஃபார்முலா 4 தொடர் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயம் நடந்தது. மக்கள் பணத்தை இதில் செலவிடலாமா என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. விளக்குக்கும் வேலிக்கும் செலவிட்டால் இரண்டு இரவுக் காட்சியோடு அது தீர்ந்துபோகும். அதில் ஒரு பங்கை ஓட்டுநர்களை வளர்க்க ஒதுக்கினால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கும். செய்ய வேண்டியது பெரிய மர்மமும் இல்லை. எல்ஜிபி தொடரிலும் இந்திய ஃபார்முலா 4 தொடரிலும் முதலிடம் பெறும் ஒருவருக்கு, அவர் வீட்டு வசதியைக் கேட்காமல், இரண்டு முழு ஐரோப்பியப் பருவங்கள். இத்தாலியிலோ இங்கிலாந்திலோ ஒரு வாடகை வீடு, உடன் தங்கும் ஒரு பயிற்சியாளர், படிப்பைத் தொடர ஏற்பாடு. செலவு சில கோடிகளில் வரும். கோவையின் ஆலைகளும் பம்புத் தொழிலும் உதிரிப் பாக நிறுவனங்களும் சேர்ந்தால் தாங்கக்கூடியதே. கரியின் வண்டியையும் செட்டிபாளையத் தடத்தையும் இந்த ஊர்த் தொழில்தான் கட்டியது, அரசு கட்டவில்லை. எட்டு வயதில் கார்ட் ஓட்டத் தொடங்கும் பிள்ளைக்குப் பதினைந்து வயதாக ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த வாடகை வீட்டின் சாவி அதற்குள் யார் கையிலாவது இருக்க வேண்டும்.